மாமா என்னை நிஜமாக அடித்த நாள்

ஜப்பான்காரன் காலத்தில் என்ன செய்தீர்கள் என்று கேட்கிறவர்களுக்கு என்ன பதில் வேண்டும் என்று எனக்குத் தெரியும். மரவள்ளிக் கிழங்கு தின்றோம், சாக்கு உடுத்தினோம், பாதிப் பேர் செத்தோம், மீதிப் பேர் பிழைத்தோம். அதெல்லாம் உண்மைதான். ஆனால் நான் அந்தக் காலத்தில் குத்துச்சண்டை பழகினேன். சொன்னால் சிரிக்கிறார்கள். சோற்றுக்கு வழியில்லாதவனுக்குக் குத்துச்சண்டை ஒரு கேடா என்கிறார்கள். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும், இந்த வயதில் யாரோடும் மல்லுக்கு நிற்க எனக்குத் தெம்பில்லை.

நாங்கள் இருந்தது கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துக் காய்ச்சலில் போய்விட, என்னை வளர்த்தது என் அக்கா. அவளுக்கே அப்போது வளர்க்க ஆள் வேண்டியிருந்தது. அவளுக்குக் கல்யாணமானபோது அண்டா குண்டாவோடு நானும் சேர்ந்து அவள் வீட்டுக்குப் போனேன். வீடு என்றால் லயத்தில், அதாவது கூலிகளுக்குக் கட்டிய வரிசை வீட்டில், ஓர் அறை, ஓர் அடுப்படி. அக்கா புருஷனை நான் மாமா என்பேன், அவர் என்னை மாப்ள என்பார். மைத்துனனைச் சுமையாக நினைக்கிற ஆள் இல்லை அவர். எனக்கு மீசை முளைத்து, தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற ஆளாக ஆனபிறகும் என் தலையில் குட்டிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார்.

மாமா பேக்டரியில் என்ஜின்காரர். ஈப்போவிலிருந்து மலையேறி வந்தவர். அங்கே இருந்தபோது கேளிக்கைப் பூங்காவில் மேடையேறிக் குத்துச்சண்டை போட்டிருக்கிறார். பெரிய வீரர் என்று நினைத்துவிடாதீர்கள். விளம்பரத்தில் போட்ட ஆள் வராமல் போனால் அந்த இடத்தில் ஏற்றிவிடுகிற ஆள். எத்தனை பேரிடம் உதை வாங்கினாலும் மூஞ்சியை மட்டும் காப்பாற்றிக்கொண்டாராம், அந்த மூஞ்சியைப் பார்த்துத்தான் அக்கா கழுத்தை நீட்டினாளாம். இதை அவர் சொல்லும்போதெல்லாம் அக்கா அடுப்படியிலிருந்து தலையை நீட்டி, ‘அன்னிக்கு மூடுபனி, சரியாத் தெரியல’ என்பாள்.

வெள்ளைக்காரத் துரை மலையை விட்டு இறங்கினார், ஜப்பான்காரன் ஏறினான். தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள வந்தவனையும் நாங்கள் துரை என்றுதான் சொன்னோம், எங்களுக்கு வேறு சொல் தெரியாது. தானா ராத்தா டவுனுக்குப் போகிற வழியில் ஒரு காவல் கொட்டகை போட்டிருந்தார்கள். அங்கே நின்று குனிந்து வணங்கிவிட்டுப் போகவேண்டும். ஒருநாள் நான் குனிந்தது போதவில்லை என்று காவல்காரன் கன்னத்தில் அறைந்தான். எனக்கு அப்போது இருந்த கோபம் உலகத்துக்கே தெரிந்த கோபம். கை தானாக முறுக்கிக்கொண்டு எழும்பியது. பின்னால் வந்த மாமா என் மணிக்கட்டைப் பிடித்து, இன்னொரு கையால் என் பிடரியை அழுத்தி, தானும் குனிந்தார். காவல்காரன் சிரித்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டான்.

அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் திரிங்காப்பில் காய்கறி போடுகிற சீனர் ஒருவர் அந்தக் கொட்டகையில் வாய்ப்பேச்சு பேசப்போய், காவல்காரர்கள் கூட்டிக்கொண்டு போக, ஆள் திரும்பி வரவில்லை. அன்று வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் மாமா என் மணிக்கட்டை விடவே இல்லை. தோட்டத்து எல்லை வந்தபிறகு நின்றார்.

“ஒன் கோவமே ஒன்ன கொன்னுரும் மாப்ள. இனிமே தினம் எங்கிட்ட அடி வாங்கு. வாங்கிட்டு சும்மா நிக்கப் பழகு.”

இதுதான் எங்கள் குத்துச்சண்டை தொடங்கிய கதை. ஜெயிப்பதற்காக ஒருத்தனும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

இடம், பேக்டரியில் கொழுந்து வாட்டுகிற மேல்மாடி. அந்த நாளில் கொழுந்து வரத்து குறைந்துபோய், தேயிலை பிடுங்கிய இடத்தில் கிழங்கு போட்டிருந்தார்கள். மாடி பாதி காலியாகக் கிடந்தது. வேலை முடிந்து வெளிச்சம் போவதற்குள் ஏறிவிடுவோம். கையுறைக்கு எங்கே போவது? அக்கா சாக்கை வெட்டி, கிழிந்த தலையணைப் பஞ்சைத் திணித்து, கோணி ஊசியால் தைத்துத் தந்தாள். ‘எந்தம்பி மூஞ்சி ஒங்க மூஞ்சி மாதிரி ஆயிடாம பாத்துக்கங்க’ என்று சொல்லித்தான் தந்தாள்.

முதல் நாள் என்ன நடந்தது என்று கேட்டால், எனக்குத் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். குத்து வருகிறது என்று தெரிந்ததும் கண் மூடிக்கொள்கிறது, திறக்கும்போது மாமா வேறு இடத்தில் நிற்கிறார். நான் பாய்வேன். அவர் விலகி என் நெற்றியில் சாக்கால் ஓர் ஒற்று ஒற்றி, ‘தொட்டேன்’ என்பார். காதில், விலாவில், மோவாயில், எங்கே திறந்திருக்கிறதோ அங்கே ஒரு தொட்டேன். வலியே இருக்காது. அந்தச் சொல்தான் எரியும். எரிய எரிய நான் இன்னும் வேகமாகப் பாய்வேன், இன்னும் அதிகமாகத் தொடுவார். கடைசியில் மூச்சு வாங்கிக் கீழே உட்கார்ந்து அவரை வாய்க்கு வந்தபடி திட்டுவேன். அவர் சுவரில் சாய்ந்துகொண்டு ரசித்துக் கேட்பார்.

மெல்ல மெல்லத்தான் பிடிபட்டது. கையைப் பார்க்கக்கூடாது, தோள்பட்டையைப் பார்க்கவேண்டும், கை புறப்படுவதற்கு முன் தோள் சொல்லிவிடும். மோவாயை இறக்கி, வாயை மூடி, மூக்கால் மூச்சு விடவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அடி விழுந்தபிறகு ஒரு மூச்சு நேரம் ஒன்றும் செய்யக்கூடாது. அந்த ஒரு மூச்சுக்குள் கோபம் ஏறி, சுற்றிப் பார்த்து, இறங்கிவிடும். கேட்க லேசாக இருக்கிறது. பழகிப் பாருங்கள், தெரியும்.

கொஞ்ச நாள் கழித்துப் பாய் ஒருவரும் எங்களோடு சேர்ந்தார். தானா ராத்தாவில் ரொட்டிக்கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் அவர். மாவு கிடைக்காமல் கடை படுத்துவிட்டது. வாலிபத்தில் பினாங்கு துறைமுகத்தில் கப்பல்காரர்களோடு குத்துச்சண்டை போட்டவர், மாமாவுக்குப் பழைய பழக்கம். வாரத்தில் ஒருநாள் நடந்தே வருவார், மடியில் எங்கள் வீட்டுக்கென்று ஏதாவது கிழங்கு இருக்கும். பிசைய மாவில்லாத கை என்மேல் விழுந்தால் எப்படி இருக்கும் என்று சொல்லவேண்டுமா? அவர் ‘தொட்டேன்’ என்றெல்லாம் சொல்லமாட்டார். விழுந்தால் நமக்கே தெரியும். மாமாவிடம் எனக்கு வராத பயம் பாயிடம் வந்தது. பயந்துகொண்டே நிற்பது எப்படி என்பதை அவரிடம் கற்றேன். மாமா என்னைத் தடவிக் கொடுப்பதாகப் பாய்க்கு ஒரே குறை. ‘புள்ளைய குளுப்பாட்டற மாதிரி அடிக்கிற, இதுல அவன் என்ன லா கத்துக்குவான்?’ என்பார். அவன் தின்கிற கிழங்குக்கு இதுவே ஜாஸ்தி என்பார் மாமா.

பலன் இருந்தது. ஒருநாள் காலை பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுக்கக் கூடும் களத்தில், ஒரு சிப்பாய் என்னை அறைந்தான். எதற்கென்று இன்றுவரை தெரியாது. நான் கண்ணை மூடவில்லை. ஒரு மூச்சு விட்டேன். குனிந்தேன். அவன் அடுத்த ஆளிடம் போய்விட்டான். அன்று மாமாவுக்கு இருந்த பெருமையைப் பார்க்கவேண்டுமே. அக்காவிடம் போய், உன் தம்பி ஜெயித்துவிட்டான் என்று கூத்தாடினார். அக்கா அப்போது நிறைமாதம். முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். அடி வாங்கி நின்றதற்கு ஒரு வீட்டில் கொண்டாட்டம் என்றால் அது எங்கள் வீட்டில்தான் நடந்திருக்கும்.

குழந்தை பிறந்தது, பெண். அது தலை நிற்கிற சமயத்தில்தான் சயாம் பேச்சு வந்தது. ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று கீழே தாப்பா பக்கத்துத் தோட்டங்களிலிருந்து லோரி லோரியாக அள்ளிக்கொண்டு போகிறார்கள் என்று கேள்விப்பட்டோம். போனவர்கள் யாரும் வந்த பாடில்லை. பிறகு எங்கள் பெரட்டிலும் கணக்கெழுதுகிற கிராணி நின்று பெயர்களை வாசித்தார். கல்யாணமாகாதவர்கள் முதலில். என் பெயர் வந்தது. மறுநாள் காலை பெரட்டுக்கு மூட்டையோடு வரவேண்டும். நான் வீராப்பாகத் தலையாட்டிவிட்டு வந்தேன். உள்ளுக்குள் பயம், பேதி போகிற மாதிரி பயம். அன்று பகல் முழுக்க லயம் லயமாகப் போய் ஒரு கம்பளி கேட்டு அலைந்தேன். கடைசியில் ஒரு கிழவர் தன்னுடையதைக் கொடுத்தார்.

கம்பளியோடு திரும்பினால் மாமா வாசலில் நிற்கிறார், கையில் சாக்குக் கையுறை. பாயும் வந்திருந்தார், செய்தி கேட்டு வழியனுப்ப வந்தவர். போகிறதுக்கு முன்னால் ஒரு ஆட்டம் போடலாம் வா என்றார் மாமா. முகத்தில் சிரிப்பு இல்லை. நான் போவதால் வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

மேல்மாடி ஜன்னல் வழியாகப் பனி உள்ளே வந்துகொண்டிருந்தது. பாய் ஓரமாக உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் வழக்கம்போலத்தான் சுற்றிவந்தோம். அவர் ‘தொட்டேன்’ சொல்லவில்லை என்பதை நான் கவனித்தேன். அவருடைய வலது தோள் அசைந்தது. நான் படித்த பாடத்தின்படி முகத்தை மறைக்கக் கையைத் தூக்கினேன். அவர் எதிர்பார்த்தது அதைத்தான். இடது கை கீழிருந்து வந்து என் வலது விலாவில் இறங்கியது.

அத்தனை மாதமும் அவர் என்னை அடித்ததே இல்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சாக்கு, பஞ்சு, எதுவும் நடுவில் இருந்ததாகவே தோன்றவில்லை. உள்ளே குச்சி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. மூச்சு வெளியே போனது, திரும்பி உள்ளே வரவில்லை. விழுந்து கிடந்தேன். பாய் எழுந்து ஓடிவந்து என் சட்டையைத் தூக்கி விலாவைத் தடவிப் பார்த்தார். பிறகு மாமாவை நிமிர்ந்து பார்த்தார்.

“எலும்பத் தேடி அடிச்சிருக்கியே,” என்றார்.

மாமா கையுறையை உருவி எறிந்தார். என் பக்கத்தில் மண்டியிட்டு, மெதுவாக மூச்சு விடு, மெதுவாக, என்று என் நெஞ்சைத் தடவிக்கொண்டே இருந்தார். எனக்குப் பேச்சு வந்ததும் முதலில் கெட்ட வார்த்தைதான் வந்தது. அப்புறம் அவர் சொன்னார்: நாளைக்கு ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிற டிரசர் வந்து பார்ப்பார், விலா ஒடிந்தவன் என்று சொல்வார், பெயரை அடித்துவிடுவார்கள், அவ்வளவுதான்.

இதைப் படிக்கிறவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றலாம். எங்களுக்குத் தோன்றவில்லை. நாங்கள் பெரட்டிலேயே பிறந்து வளர்ந்த ஜனங்கள். வெள்ளைக்காரத் துரை காலத்தில் காய்ச்சல் என்றாலும் காலை வெட்டிக்கொண்டாலும் ஆஸ்பத்திரி டிரசர் ஒரு வார்த்தை சொல்வார், கங்காணி அந்தப் பெயரைத் தள்ளிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிடுவார். சம்பளம் போகும், சோறு போகும், ஆனால் சீக்காளிக்குப் பதிலாக யாரும் வா என்று கேட்டதில்லை. களத்தில் நிற்கிற துரை யாராக இருந்தாலும் பெரட்டு பெரட்டுதான் என்று மாமா மட்டுமில்லை, தோட்டமே நம்பியது. அதே நம்பிக்கையில் கவ்வாத்துக் கத்தியால் தன் காலைத் தானே கீறிக்கொண்டவர்களும் எங்கள் லயத்தில் இருந்தார்கள். மாமாவைப் பற்றியோ யாருக்கும் கவலையே இல்லை. என்ஜின்காரனை யார் தொடுவார்கள்?

காலையில் என்னைச் சாக்கில் படுக்கவைத்துக் களத்துக்குத் தூக்கிப்போனார்கள். டிரசர் சொல்லவேண்டியதைச் சொன்னார். கிராணி அதை ஜப்பான்காரத் துரையிடம் சொன்னார். அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான், கோபப்படக்கூட இல்லை. கிராணியிடம் ஏதோ சொன்னான், கிராணி கங்காணியிடம் சொன்னார். கங்காணி எங்கள் ஆள், என் அப்பாவோடு ஒரே கப்பலில் வந்தவர். தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“தலை கொறையக்கூடாதாம். எந்த வூட்ல ஒருத்தன் படுத்தானோ அந்த வூட்லேருந்தே இன்னொருத்தன் ஏறணுமாம்.”

எண்ணெய் இல்லாமல் என்ஜின் பல வாரமாக நின்றுபோயிருந்தது. ஓடாத என்ஜினுக்கு என்ஜின்காரன் எதற்கு? அது அப்போதுதான் எங்கள் எல்லோருக்கும் உறைத்தது. நான் வரேன், நானே வரேன் என்று கத்திக்கொண்டு எழப்பார்த்தேன். வலியில் கண் இருட்டி, இருமல் வந்தது. மாமா வரிசையிலிருந்து வந்து என் பக்கத்தில் குந்தினார்.

“இருமாத மாப்ள. இருமுனா எலும்பு சேராது,” என்றார்.

அதுதான் அவர் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு. பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாய் திறந்தபடி நின்றாள், அழுகை வரவில்லை. அப்புறம் திடீரென்று ஓடிவந்து, என்மேல் போர்த்தியிருந்த கம்பளியை உருவி, லோரியில் ஏறிவிட்ட மாமாவின் கையில் திணித்தாள். அவர் குழந்தையின் காலைப் பிடித்து ஒரு தடவை ஆட்டினார். லோரி வளைவில் திரும்பிக் கீழே இறங்கிவிட்டது.

ஜப்பான் சண்டை முடிந்தபிறகு கீழ்த்தோட்டத்து ஆள் ஒருவர் சயாமிலிருந்து காலெல்லாம் புண்ணோடு திரும்பிவந்தார். மாமா மழைக்காலத்தில் வாந்திபேதியில் போய்விட்டதாகச் சொன்னார். எத்தனையோ பேரைப் போட்ட குழியில் அவரையும் போட்டார்களாம். எங்கே தண்ணீர் கண்டாலும் முதலில் மூஞ்சியைக் கழுவிக்கொள்வார் என்று சொல்லி, அந்த ஆள் சிரிக்கப்பார்த்து முடியாமல் அழுதார். அக்கா அவருக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுத்து அனுப்பினாள். அதன்பிறகுதான் நெற்றியைத் துடைத்தாள்.

நான் மறுபடி கையுறையைத் தொடவில்லை. பாய் கடையைத் திறந்தபிறகு ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தார், போகவில்லை. அக்கா கொழுந்து பறித்து மகளை வளர்த்தாள், படிக்கவைத்தாள், கட்டிக்கொடுத்தாள். நான் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை.

ஆனால் கோபம் மட்டும் எனக்குக் குறையவே இல்லை. வேறு யார்மேலும் இல்லை, அவர்மேல். என் பெயரை வாசித்தார்கள், நான் போகிறேன் என்றேன், நான் போயிருப்பேன். என்னை ஒரு வார்த்தை கேட்கவேண்டாமா? என் உயிரைப் பற்றி முடிவெடுக்க இவர் யார்? மலையில் மழை பிடித்து விலா குடையத் தொடங்கினால் எனக்கு வாயும் திறந்துகொள்ளும். கேட்காமல் கொள்ளாமல் அடித்த மனுஷன், கைக்குழந்தைக்காரிக்குத் துரோகம் பண்ணிய மனுஷன், பெரிய தியாகி என்று நினைப்பு, என்று அக்காவை உட்காரவைத்துக்கொண்டு திட்டுவேன். வருஷக்கணக்காகத் திட்டினேன். அக்கா ஒருநாளும் தடுத்ததில்லை, எழுந்து போனதுமில்லை. சில நாள், ‘அப்பறம் அவரு என்ன சொன்னாரு?’ என்று கேட்பாள். எத்தனை தடவை கேட்ட கதை, மறுபடி எதற்குக் கேட்கிறாள் என்று எனக்கு எரிச்சலாக வரும். ஆனாலும் சொல்வேன். அவர் எப்படி நின்றார், எந்தத் தோள் அசைந்தது, மண்டியிட்டு நெஞ்சை எப்படித் தடவினார், எல்லாவற்றையும் சொல்லித் திட்டுவேன்.

போன வருஷம் மழையில் அப்படித்தான் திட்டிக்கொண்டிருந்தேன். கியா பார்மிலிருந்து யாரோ கொடுத்த பீன்ஸை அக்கா முறத்தில் போட்டு நார் உரித்துக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது அவளுக்கு, கண்ணும் சரியாகத் தெரிவதில்லை. நான் துரோகம் என்ற சொல்லுக்கு வந்தபோது தலை நிமிராமல் பேசினாள்.

“நாந்தான் தம்பி அடிக்கச் சொன்னேன். நீ கம்பளி கேட்டு போயிருந்தப்ப. மாட்டவே மாட்டேன்னாரு. கால்ல விழுந்தேன்.”

எனக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் விளங்கவில்லை. கூரைத் தகரத்தில் மழைச் சத்தம் வேறு. என்ஜின்காரனை எடுக்கமாட்டார்கள் என்றுதானே எல்லோரும் சொன்னீர்கள், இரண்டு பேரையும் வைத்துக்கொள்ளலாம் என்று ஆசைப்பட்டேன் என்றாள். அதைச் சொல்லும்போது குரல் சின்னப் பெண்ணின் குரல் மாதிரி ஆகிவிட்டது. இத்தனை வருஷம் நான் அந்த மனுஷனைத் திட்டிய திட்டெல்லாம் யார்மேல் விழுந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஏன் அக்கா சொல்லவில்லை, முதல் நாளே சொல்லியிருந்தால் நான் வாயைத் திறந்திருப்பேனா என்று கேட்டேன்.

“அதான் சொல்லல,” என்றாள். “சொன்னா நீ திட்டறத நிறுத்திடுவ. அவர பத்திப் பேச ஒன்ன வுட்டா எனக்கு யாரு இருக்கா?”

நான் ஒரு மூச்சு விட்டேன். பிறகு, மூஞ்சியைப் பார்த்துக் கழுத்தை நீட்டினாய் பார், அந்த மூஞ்சிக்காரன் இருக்கிறானே, என்று அவரை மறுபடியும் முதலிலிருந்து திட்டத் தொடங்கினேன். அக்கா முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.